மேரி கியூரி அம்மையாரின் மங்கிய கண்கள்

மாலை வேளையில் லயத்து வாசற்படியில் அமர்ந்து, சுளகில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கும் பாட்டியைச் சற்றுக் கவனித்துப் பாருங்கள். முன்பெல்லாம் பேச்சுக் கொடுத்தபடியே விரல்நுனியால் கல்லைத் தட்டிவிட்டவர், இப்பொழுது சுளகை முகத்தருகே தூக்கிப் பார்க்கிறார். ஊசியில் நூல் கோக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிடுகிறார். இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது என்கிறார். கண் சரியாகத் தெரியவில்லையா என்று கேட்டால், ஒன்றுமில்லை, களைப்புத்தான் என்று பேச்சை மாற்றிவிடுவார்.

மலையில் கொழுந்தெடுக்கும் தாயாக இருந்தால் இன்னும் கவனமாக மறைப்பார். கொழுந்து எது, முற்றிய இலை எது என்று கண் பிரித்தறியாவிட்டால் கூடை நிறையாது. நிறை குறைந்தால் அரைப்பேர்தான் விழும். பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவோமோ என்ற அச்சம் வேறு. ஆகவே கையால் தடவிப் பழகிக்கொண்டு, எல்லாம் தெரிவது போலவே நடந்துகொள்வார்.

இது மடுல்சீமை மலைகளில் மட்டும் நடக்கும் காரியம் அல்ல. சுமார் 100 ஆண்டுகளுக்கு முன், பாரிஸ் மாநகரில், உலகமே போற்றிய ஒரு பெண்மணியும் இதையேதான் செய்தார். அவர் இரு தடவை நோபல் பரிசு பெற்ற விஞ்ஞானி. ரேடியம் என்னும் மூலகத்தை உலகுக்குத் தந்தவர். அவர்தான் மேரி கியூரி அம்மையார். அவருடைய கண்களை மங்கச் செய்ததில், அவர் வாழ்நாளெல்லாம் கையாண்ட கதிர்களுக்கே பெரும் பங்கு இருந்திருக்கும் என்று இன்று கருதப்படுகிறது. அந்த வாழ்க்கையில் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய உண்டு. பொறுமையாக வாசியுங்கள்.

வார்சோவில் பிறந்த மரியா

போலந்து நாட்டின் வார்சோ நகரில் 1867 ஆம் ஆண்டு நவம்பர் 7 ஆம் திகதி மரியா ஸ்கொலொடொவ்ஸ்கா பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் அவரே கடைக்குட்டி. தந்தையார் கணிதமும் பௌதிகமும் கற்பித்த ஆசிரியர். தாயாரும் பள்ளி நடத்தியவர், ஆழ்ந்த கத்தோலிக்க பக்தி உடையவர். அக்காலத்தில் அந்நகரம் ருஷ்யச் சக்கரவர்த்தியின் ஆட்சியில் இருந்தது. பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் தம் தாய்மொழியில் பாடம் கற்கத் தடை இருந்தது.

அந்த வீட்டில் துன்பம் அடுத்தடுத்து நுழைந்தது. மூத்த சகோதரி காய்ச்சலில் இறந்தாள். 1878 இல், மரியாவுக்குப் பத்து வயதாக இருக்கும்போது, தாயார் காசநோயால் காலமானார். பிள்ளைகளுக்குத் தொற்றிவிடக் கூடாதே என்று அந்தத் தாய் தம் பிள்ளைகளை முத்தமிடுவதையும் தவிர்த்து வந்தார் என்பார்கள். இவ்விரு மரணங்களும் சிறுமியின் உள்ளத்தை உலுக்கிவிட்டன. அதன்பின் அவர் சமய நம்பிக்கையிலிருந்து விலகிப் போனார். இதை மறைக்காமல் சொல்வதே நேர்மை. ஆனால் தாயிடம் கண்ட உழைப்பும், பிறர்க்கு ஈயும் குணமும் அவரிடம் கடைசி வரை இருந்தன.

அக்காலத்தில் வார்சோப் பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு இடமில்லை. ஆகவே மரியாவும் அக்காள் புரோனியாவும் தமக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். முதலில் அக்காள் பாரிஸ் சென்று வைத்தியம் படிப்பது, தங்கை வேலைசெய்து பணம் அனுப்புவது, பின்னர் அக்காள் தங்கையை அழைத்துக்கொள்வது என்பதே அது. அதன்படி மரியா தொலைதூரக் கிராமம் ஒன்றில், செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் வேலையில் அமர்ந்தார். வேலை முடிந்தபின், எழுத்தறிவில்லாத குடியானவர் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, தடைசெய்யப்பட்ட தாய்மொழியில் எழுதவும் வாசிக்கவும் கற்றுக்கொடுத்தார். அகப்பட்டால் தண்டனை நிச்சயம். தோட்டத்துப் பாடசாலையில் ஒரே அறையில் ஐந்து வகுப்புகள் நடந்த காலத்தை அறிந்த நம் பெரியவர்களுக்கு இந்த இளம்பெண்ணின் அருமை நன்கு விளங்கும்.

ஒழுகிய கொட்டகை

1891 இல், 24 வயதில், மரியா பாரிஸ் வந்து சோர்போன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பெயரும் மேரி என்றாயிற்று. குளிரில் நடுங்கும் மேல்மாடி அறையில், அரை வயிறு உண்டு படித்தார். 1893 இல் பௌதிகத்தில் முதலாவதாகவும், 1894 இல் கணிதத்தில் இரண்டாவதாகவும் தேறினார். 1895 ஜூலையில் பியர் கியூரி என்னும் விஞ்ஞானியை மணந்தார்.

அதே ஆண்டு நவம்பர் மாதத்தில் ஜெர்மனியில் ரொண்ட்கன் எக்ஸ்ரே கதிர்களைக் கண்டுபிடித்தார். அடுத்த ஆண்டில் பிரான்ஸில் பெக்கரல், யுரேனியம் தானாகவே ஒருவகைக் கதிரை வெளியிடுவதைக் கண்டார். அந்தக் கதிரை ஆராய மேரி முன்வந்தார். பிட்ச்பிளெண்ட் என்னும் கறுத்த கனிமம், அதிலுள்ள யுரேனியத்தின் அளவுக்கு மிஞ்சிய கதிரை வீசுவதைக் கண்டார். ஆகவே அதற்குள் வேறு ஏதோ ஒரு மூலகம் ஒளிந்திருக்க வேண்டும் என்று முடிவு செய்தார். 1898 ஜூலையில் கியூரி தம்பதியர் ஒரு புதிய மூலகத்தை அறிவித்தனர். அடிமைப்பட்டிருந்த தாய்நாட்டின் பெயரால் அதற்குப் பொலோனியம் என்று மேரி பெயரிட்டார். அதே ஆண்டு டிசம்பரில் ரேடியம் அறிவிக்கப்பட்டது. கதிரியக்கம் என்று இன்று நாம் சொல்லும் இயல்புக்கு முதன்முதலில் பெயர் கொடுத்தவரும் மேரிதான்.

கண்ணால் காணாத பொருளை உலகம் நம்புமா? அதைப் பிரித்தெடுத்துக் காட்ட வேண்டும். அதற்கு அவர்களுக்குக் கிடைத்த இடம், மருத்துவ மாணவர்கள் முன்பு பிணங்களை அறுத்துப் படித்த பழைய கொட்டகை. கண்ணாடிக் கூரை ஒழுகும். கோடையில் வெக்கை, மாரியில் குளிர். அங்கே தொன் கணக்கில் வந்திறங்கிய கனிமக் கழிவை மேரி பெரிய பாத்திரங்களில் கொதிக்கவைத்து, தம் உயரத்துக்கு நிகரான இரும்புக் கம்பியால் நாள் முழுவதும் கிண்டினார். நான்கு ஆண்டு உழைப்பின் பின், 1902 இல், ஒரு கிராமின் பத்தில் ஒரு பங்கு தூய ரேடிய உப்புக் கையில் கிடைத்தது.

இரவில் கணவனும் மனைவியும் அந்தக் கொட்டகைக்குப் போய், இருளில் குழாய்கள் நீல ஒளி வீசுவதைப் பார்த்து மகிழ்வார்களாம். அந்த அழகான ஒளிக்குள் ஆபத்து இருந்தது. பியர் தம் கையில் ரேடியத்தைக் கட்டிப் பார்த்தார். தோல் வெந்து புண்ணாயிற்று. மேரியின் விரல்நுனிகள் வெடித்துக் கடினமாயின. ஆனால் தோல் படும் பாடு வெளியில் தெரியும். உள்ளே கண் படும் பாடு அன்றைக்கு யாருக்கும் தெரியவில்லை.

1903 இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு கியூரி தம்பதியருக்கும் பெக்கரலுக்கும் கிடைத்தது. ரேடியத்தைப் பிரிக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றிருந்தால் பெருஞ்செல்வர் ஆகியிருக்கலாம். அது உலகத்துக்குச் சொந்தமானது என்று சொல்லி அவர்கள் மறுத்துவிட்டார்கள். 1906 ஏப்ரலில் பியர் மழை பெய்த ஒரு நாளில் குதிரை வண்டியில் அகப்பட்டு இறந்தார். இரு பெண்குழந்தைகளுடன் தனித்துவிடப்பட்ட மேரி, கணவரின் இடத்தில் கற்பிக்க நியமிக்கப்பட்டு, சோர்போனின் முதற் பெண் பேராசிரியர் ஆனார். 1911 இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசும் அவரைத் தேடி வந்தது.

நம் நாட்டு மண்ணிலும் ஒரு கல்

இக்கதைக்கும் இலங்கைக்கும் தொடர்பில்லை என்று எண்ணாதீர்கள். ஐரோப்பாவில் மேரி அம்மையார் ரேடியத்தைப் பிரித்தெடுத்த அக்காலத்தில், இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் முதற் பணிப்பாளராக இருந்தவர், பின்னாளில் கலை ஆய்வில் உலகப் புகழ்பெற்ற ஆனந்த குமாரசுவாமி. ஊவாவுக்கு அடுத்த சப்பிரகமுவ மாகாணத்தில், பலாங்கொடைப் பக்கத்து மாணிக்கக் கற்படுகைகளில், அவர் 1904 இல் கறுத்துக் கனத்த ஒரு கனிமத்தைக் கண்டார். தோரியம் மிகுந்திருந்ததால் அதற்குத் தோரியனைட் என்று பெயராயிற்று. அந்த இலங்கைக் கனிமத்தை லண்டனில் வைத்து ஆராய்ந்த ஓட்டோ ஹான், 1905 இல் புதியதொரு கதிரியக்கப் பொருளைக் கண்டறிந்தார். ஆக, கதிரியக்கம் எங்கோ தூரதேசத்து மாயம் அல்ல. நாம் மிதிக்கும் மண்ணிலும் அது சிறிதளவு உண்டு. இயற்கையாக உள்ள அந்தச் சிறிய அளவுக்கு நாம் அஞ்ச வேண்டியதில்லை. மிகுந்த அளவும் நெடுங்காலப் பழக்கமுமே கண்ணைக் கெடுக்கும்.

போர்க்களத்துச் சேவை

1914 இல் முதலாம் உலகப் போர் மூண்டது. குண்டு துளைத்த போர்வீரர்கள் ஆயிரக்கணக்கில் மருத்துவமனைகளில் குவிந்தார்கள். குண்டு உடலின் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியர்கள் அறுக்க வேண்டியிருந்தது. மேரி அம்மையார் ஆராய்ச்சியை ஒதுக்கிவைத்தார். பணம் படைத்தவர்களிடம் கார்களைக் கேட்டு வாங்கி, எக்ஸ்ரே கருவிகளை அவற்றில் பொருத்தினார். தாமே உடற்கூறு படித்தார். 50 வயதை நெருங்கும்போது கார் ஓட்டவும் கற்று, 1916 இல் அனுமதிப்பத்திரம் பெற்றார். சின்னக் கியூரிகள் என்று வீரர்கள் செல்லமாக அழைத்த அந்த வண்டிகள் சுமார் 20. அவற்றோடு 200 நிலையான எக்ஸ்ரே அறைகளையும் அவர் ஏற்படுத்தினார். பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட காயமடைந்தோர் இவற்றால் பயன் பெற்றனர். 17 வயது மகள் ஐரீன் தாயின் பக்கத்திலேயே நின்று உதவினாள். சுமார் 150 பெண்களுக்கு இத்தொழிலைப் பழக்கினார்கள்.

அக்காலத்து எக்ஸ்ரே கருவிகளில் இன்றுள்ள காப்பு இல்லை. கதிர் சிதறி, பக்கத்தில் நிற்பவரின் முகத்திலும் கண்ணிலும் படும். கண்ணில் பட்டபோது வலியில்லை, எரிச்சலில்லை, கூச்சமும் இல்லை. ஆகவே ஒதுங்க வேண்டும் என்ற எண்ணமே யாருக்கும் வரவில்லை.

கண்ணில் விழுந்த திரை

போர் முடிந்து இரண்டு ஆண்டுகளில், 1920 இல், மேரி அம்மையார் அக்காள் புரோனியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். கண்கள் மிகவும் பலவீனமாகிவிட்டதையும், காதில் ஓயாத இரைச்சல் கேட்பதையும் அதில் தெரிவித்தார். இதற்கு ரேடியமும் ஒரு காரணமாக இருக்கலாம், ஆனால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றும் குறிப்பிட்டார். இந்த விஷயத்தை வேறு எவரிடமும் பேச வேண்டாம் என்று அக்காளைக் கேட்டுக்கொண்டார்.

இரு கண்களிலும் புரை வளர்ந்திருந்தது. வெளியே சொன்னால் வகுப்பும் ஆய்வுகூடமும் கைவிட்டுப் போகும் என்று அஞ்சினார் போலும். விரிவுரைக் குறிப்புகளைப் பெரிய பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டார். கருவிகளின் முகப்பில், தம் கண்ணுக்குத் தெரியும்படி நிற அடையாளங்களை இட்டுக்கொண்டார். மாணவன் அளவீட்டுப் படத்தைக் கொண்டுவந்து காட்டினால், சுற்றிவளைத்துக் கேள்வி கேட்டு அவன் வாயிலிருந்தே விபரத்தை அறிந்துகொண்டு, பின்னர் தாமே பார்த்தது போல் கருத்துச் சொல்வார். மாணவர்களுக்கு இது தெரியும். தெரிந்தும், தெரியாதது போல அவர்களும் நடந்துகொண்டார்கள். தெருவைக் கடக்கும்போது மகள் மெல்லக் கையைப் பிடித்துக்கொள்வாள். மேசையில் அம்மா தேடும் பொருளை யாரும் கவனிக்காதபடி கைக்கெட்டும் இடத்துக்கு நகர்த்தி வைப்பாள்.

வாசகர்களே, இரண்டு நோபல் பரிசுகள் பெற்றவர் பட்ட பாட்டைப் பார்த்தீர்களா? சுளகை முகத்தருகே தூக்கும் நம் பாட்டியின் அச்சமும் இவருடைய அச்சமும் ஒன்றே.

1923 ஜூலையில், 55 வயதில், முதலாவது அறுவைச் சிகிச்சை நடந்தது. வைத்தியசாலையில் அவர் தம் சொந்தப் பெயரைக் கொடுக்கவில்லை. கரே அம்மையார் என்ற வேறு பெயரில் பதிவாகியிருந்தார். சிகிச்சைக்குப் பின் குருதிக்கசிவு ஏற்பட்டு, கண்கள் கட்டப்பட்ட நிலையில் பல நாட்கள் கிடந்தார். இளைய மகள் ஈவ் பக்கத்திலிருந்து உணவூட்டினாள். இந்த விபரங்களை உலகம் அறிந்தது, ஈவ் பின்னாளில் எழுதிய தாயின் வாழ்க்கை வரலாற்றின் மூலமே. 1930 ஆம் ஆண்டளவில் மொத்தம் நான்கு தடவை அவர் கண் அறுவைக்கு உட்பட்டார். அக்காலத்தில் புரை விழுந்த வில்லையை எடுத்துவிடுவார்கள்; மாற்றாக வைக்க ஒன்றும் இல்லை. ஆகவே தடித்த கண்ணாடி அணிந்துதான் எதையும் பார்க்க முடியும். அந்தக் கண்ணாடியோடு அவர் மீண்டும் ஆய்வுகூடத்துக்குப் போனார், நுண்ணிய அளவீடுகளைச் செய்தார், கார்கூட ஓட்டினார்.

கண்வில்லைக்குள் நடப்பது என்ன?

கதிருக்கும் கண்புரைக்கும் உள்ள தொடர்பைச் சற்று விளங்கிக்கொள்வோம். கண்மணிக்குப் பின்னால் ஒரு சிறு வில்லை இருக்கிறது. மைசூர்ப்பருப்பைப் போன்ற வடிவம். ஆனால் அதனிலும் பெரிது. குறுக்களவு ஒரு சென்டிமீற்றருக்குச் சற்றுக் குறைவு. லென்ஸ் என்ற சொல்லே லத்தீன் மொழியில் பருப்பைக் குறிக்கும் பெயரிலிருந்து வந்ததுதான். வெளிச்சத்தைக் குவித்துக் கண்ணின் பின்திரையில் விழச்செய்வது அதன் வேலை. ஆகவே அது பளிங்கு போலத் தெளிவாக இருக்க வேண்டும். அதற்குள் இரத்தக்குழாய் ஒன்றும் கிடையாது.

வில்லையின் முன்புறத்தில் உயிர்க்கலங்கள் ஒரு வரிசையாக அமைந்துள்ளன. ஓரத்தில் உள்ள கலங்கள் பிரிந்து பெருகி, நீண்டு, நார்களாகி, வெங்காயச் சருகு போல ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்படுகின்றன. நாராக மாறும்போது கலம் தன் கருவையும் இழந்து தெளிவடைகிறது. இந்த வேலை நாம் பிறந்தது முதல் இறக்கும் வரை நடக்கிறது.

எக்ஸ்ரேயோ ரேடியக் கதிரோ மிகுதியாகப் படும்போது, பிரிந்து பெருகும் அந்த ஓரக் கலங்களின் பரம்பரைப் பொருள் சிதைகிறது. சிதைந்த கலம் ஒழுங்கான நாராக மாறத் தெரியாமல், உருக்குலைந்து, மெல்ல நகர்ந்து வில்லையின் பின்புறத்து நடுப்பகுதியில் போய்ச் சேருகிறது. தோலில் பழுதான கலம் பொருக்காக உதிர்ந்துவிடும். கண்வில்லையோ ஓர் உறைக்குள் மூடப்பட்டது, வெளியேற வழியில்லை. ஆண்டுக்கணக்கில் அவை அங்கேயே சேர்ந்து வெளிச்சத்தை மறைக்கின்றன. வெளிச்சம் முழுவதும் கடந்து செல்லும் இடம் அதுவாகையால், சிறு புள்ளியும் பெரும் தொல்லை தரும். முதலில் வெயிலிலும் வாகன வெளிச்சத்திலும் கண் கூசும். பின்னர் வாசிக்க முடியாமல் போகும்.

அடி பட்டதற்கும் புரை தெரிவதற்கும் இடையில் பல ஆண்டுகள் செல்லும். கதிரின் அளவு பெரிதானால் ஓரிரு ஆண்டுகளில் தெரியலாம். சிறிதானால் இருபது முப்பது ஆண்டுகளும் ஆகலாம். ஹிரோஷிமா, நாகசாகி குண்டு வீச்சில் தப்பியவர்களுக்கும், அணு ஆராய்ச்சி இயந்திரங்களில் வேலைசெய்த விஞ்ஞானிகள் சிலருக்கும் இத்தகைய புரை உண்டானதை 1949 இல் வைத்தியர்கள் வெளியிட்டார்கள். 1986 இல் செர்னோபில் அணு உலை வெடித்தபின் அங்கே துப்புரவு வேலை செய்தவர்களின் கண்களை ஆராய்ந்தபோது, முன்பு நினைத்ததிலும் குறைந்த அளவே கண்வில்லைக்குப் போதும் என்று தெரிந்தது. ஆகவே கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணைக்குழு 2011 இல் தன் விதியை இறுக்கியது. தொழில்செய்வோரின் கண்வில்லைக்கு ஆண்டுக்கு 150 மில்லிசீவேட் வரை என்றிருந்த எல்லை, ஐந்து ஆண்டுச் சராசரியில் ஆண்டுக்கு 20 என்று குறைக்கப்பட்டது.

இறுதி நாட்கள்

மேரி அம்மையார் தம் ஆய்வுகூடத்துப் பிள்ளைகளுக்குக் கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார்: ரேடியக் குழாயை வெறுங்கையால் தொடக்கூடாது, இடுக்கியால் எடுக்க வேண்டும், ஈயக் காப்பு வைக்க வேண்டும், இரத்தம் சோதிக்க வேண்டும். ஆனால் தாம் மட்டும் அந்த விதிகளுக்கு அப்பாற்பட்டவர் போல நடந்துகொண்டார். குடும்பத்துக்கெல்லாம் நல்ல சோறு போட்டுவிட்டுத் தான் அடிச்சட்டியைச் சுரண்டும் தாய்மாரின் குணம்தான் அது. அன்பு என்று போற்றலாம். ஆயினும் பின்பற்றத் தக்கது அல்ல.

1934 ஜூலை 4 ஆம் திகதி, பிரான்ஸின் மலைப்பகுதிச் சுகவனம் ஒன்றில், 66 வயதில் அவர் காலமானார். எலும்பு மச்சை இரத்தத்தை உண்டாக்கும் ஆற்றலை இழந்ததே காரணம். 1995 இல் பிரான்ஸ் அரசு அவருடைய உடலை நாட்டுப் பெரியோர் துயிலும் பந்தியன் மண்டபத்துக்குக் கொண்டுசென்றது. அப்போது சோதித்ததில், எஞ்சியிருந்த ரேடியம் எதிர்பார்த்ததிலும் குறைவாகவே இருந்தது. ஆகவே போர்க்காலத்து எக்ஸ்ரே கதிர்களே கூடுதலாகத் தீங்கு செய்திருக்கலாம் என்று நிபுணர்கள் கருதினர். அவர் எழுதிய குறிப்பேடுகள் இன்னும் கதிர் வீசுவதால் ஈயப் பெட்டிகளில் வைக்கப்பட்டுள்ளன. ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைவதற்கே சுமார் 1,600 ஆண்டுகள் செல்லும்.

அவரோடு போர்க்களத்தில் நின்ற மூத்த மகள் ஐரீன், தாமும் 1935 இல் நோபல் பரிசு பெற்று, 1956 இல் இரத்தப் புற்றுநோயால் இறந்தார். ரேடியத்தைத் தொழிலாகக் கொள்ளாத இளைய மகள் ஈவ், 102 வயது வரை வாழ்ந்து 2007 இல் காலமானார்.

நம் வீட்டுக்கு வருவோம்

இதை வாசித்துவிட்டு, எக்ஸ்ரே என்றாலே ஓடி ஒளிய வேண்டாம். நெஞ்சுப் படம் ஒன்று எடுக்கும்போது உடலுக்குச் சேருவது சுமார் 0.1 மில்லிசீவேட், இயற்கையிலிருந்து சில நாட்களில் நமக்குச் சேரும் அளவு அது. கண்ணுக்குச் சேருவது அதிலும் சொற்பம். வைத்தியர் அவசியம் என்று சொன்னால் படம் எடுக்கத்தான் வேண்டும். கவனமாக இருக்க வேண்டியவர்கள், அந்த அறையிலேயே நாள்தோறும் வேலைசெய்பவர்கள். நம் பிள்ளைகளில் யாராவது எக்ஸ்ரே பகுதியிலோ, இருதயக் குழாய்ச் சிகிச்சை நடக்கும் அறையிலோ வேலைக்குச் சேர்ந்திருந்தால், ஈய அங்கி அணியவும், தேவையான இடத்தில் ஈயக் கண்ணாடி போடவும், கதிர் அளவு காட்டும் அட்டையை மறவாமல் அணியவும் சொல்லுங்கள். வலிக்கவில்லையே என்று அலட்சியம் செய்பவருக்கு மேரி அம்மையாரின் கதையைச் சொல்லுங்கள்.

மலைநாட்டில் நமக்கு வரும் புரைக்குப் பெரும்பாலும் முதுமையே காரணம். சீனி வியாதி, புகைத்தல், கண்ணில் பட்ட அடி, வைத்தியரைக் கேளாமல் நெடுநாள் பாவிக்கும் சில மருந்துகள் ஆகியன அதை முந்தி வரச்செய்யும். வெயிலிலுள்ள புறஊதாக் கதிரும் ஒரு காரணம். கடல்மட்டத்திலிருந்து ஒவ்வோர் 1,000 மீற்றர் உயரத்துக்கும் அந்தக் கதிர் சுமார் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. ஆகவே மலையில் நாள் முழுவதும் நிற்பவர்கள், தலையில் போடும் துணியோடு நெற்றிக்கு நிழல் தரும் விளிம்புள்ள தொப்பியும் போட்டுக்கொள்வது நல்லது.

புரையைச் சொட்டுமருந்தால் கரைக்க முடியாது. பச்சிலைச் சாறும் தாய்ப்பாலும் விட்டால் கண்ணில் கிருமி சேரும். புரை நன்றாக முற்றிய பின்தான் அறுக்க வேண்டும் என்பது மேரி அம்மையார் காலத்துப் பழக்கம். இன்று அப்படிக் காத்திருக்கத் தேவையில்லை. 1949 இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி என்னும் வைத்தியர், எடுத்த வில்லைக்குப் பதிலாகச் செயற்கை வில்லை ஒன்றைக் கண்ணுக்குள்ளேயே வைத்துக் காட்டினார். போர் விமானிகளின் கண்ணில் தைத்த விமானக் கண்ணாடித் துணுக்குகள் தீங்கு செய்யாமல் கிடந்ததைக் கண்டே அவருக்கு அந்த எண்ணம் பிறந்தது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த தொழிற்சாலை 1992 முதல் அத்தகைய வில்லைகளைச் செய்து, ஏழைக்கும் எட்டும் விலையில் உலகெங்கும் அனுப்புகிறது. பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடியும் சிகிச்சை அது. கதிரால் வந்த புரைக்கும் முதுமையால் வந்த புரைக்கும் சிகிச்சை ஒன்றே. மேரி அம்மையார் நான்கு தடவை பட்ட வேதனை இன்று யாருக்கும் வேண்டியதில்லை.

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீடு திரும்பியதும் ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். வீட்டிலுள்ள பெரியவரைச் சுவரில் தொங்கும் நாட்காட்டிக்கு எதிரே உட்காரவையுங்கள். ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு எண்களை வாசிக்கச் சொல்லுங்கள். பின் மற்றக் கண்ணால் வாசிக்கச் சொல்லுங்கள். ஒரு கண் நன்றாக இருந்தால் மற்றக் கண்ணின் குறை அவருக்கே தெரியாமல் இருக்கும். எண்கள் மங்கலாகத் தெரிந்தால், கடிந்துகொள்ளாதீர்கள், கேலி செய்யாதீர்கள். தோட்ட டிஸ்பென்சரியில் காட்டி, கடிதம் வாங்கிக்கொண்டு, பதுளைப் பெரியாஸ்பத்திரியின் கண் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். தனியே அனுப்பாதீர்கள். மேரி அம்மையாரின் மகள் தெருவில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டது போல நீங்களும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார்வை மங்குவது வெட்கப்பட வேண்டிய குற்றம் அல்ல. மறைத்து வைத்துச் சிரமப்படுபவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் வாய்திறந்து சொல்லுமட்டும் காத்திராமல், நீங்களே முதலில் கேளுங்கள்.